வீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் குழாய்: "டெஸ்ட் எல்லாம் செய்வார்கள்" என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

ரென்டன்_வாடகைக்காரி:

வணக்கம். சியாட்டில் பக்கம் இருக்கிற நம்மவர்கள் யாராவது பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும். மூன்று வருடம் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் இப்போதுதான் சொந்த வீடு பார்க்கிறோம். ரென்டனுக்கும் பெல்வியூவுக்கும் நடுவில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் (மாமியாருக்கு அது ஒன்றே போதும்), விலையும் அடுத்த தெருவைவிடக் கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

இரண்டாவது தடவை போனபோதுதான் கவனித்தேன், பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரம்கூட இல்லாமல் புல்தரை நீளமாக ஓடுகிறது, நடுவில் எச்சரிக்கைக் கம்பம். ரியல்ட்டரைக் கேட்டால் "அது காஸ் லைன், எல்லா ஊரிலும் இருப்பதுதான், ரெகுலராக டெஸ்ட் செய்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் அடுப்புக்கு வருகிற காஸ் என்றே நினைத்துக்கொண்டேன். டைட்டில் ரிப்போர்ட் (வில்லங்கச் சான்று மாதிரி) வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் காஸ் என்றால் பெட்ரோல்! 16 அங்குலத்தில் ஒன்று, 20 அங்குலத்தில் ஒன்று, இரண்டு குழாய். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எல்லாம் அதிலேயே மாறி மாறிப் போகுமாம்.

என் கேள்வி இதுதான். டெஸ்ட் என்றால் என்ன டெஸ்ட், மண்ணுக்கு அடியில் கிடக்கிற குழாயை எப்படிச் சோதிப்பார்கள், எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை? பாஸ் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? பெல்லிங்காம் என்ற ஊரில் ஏதோ பெரிய விபத்து நடந்தது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், அதுவும் இதே குழாயா? வீட்டில் 9 வயதிலும் 4 வயதிலும் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் போட வேண்டும்.

*

பெல்வியூ_ராஜா:

வாங்காதீங்க, அவ்வளவுதான். டெஸ்ட், பாஸ் எல்லாம் அப்புறம். நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது வாங்க வருகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார். இப்போது உங்களுக்குக் குறைத்துக் கிடைத்த விலையை அப்போது நீங்கள் அவருக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

*

குழாய்க்காரன்:

ராஜா சார் சொல்வது விலைக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. தங்கச்சி கேட்டது டெஸ்ட் பற்றி. பத்தொன்பது வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது (முதல் ஆறு வருடம் தமிழ்நாட்டில், அப்புறம் ஹூஸ்டன்), அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், அதே குழாய்தான். ஒலிம்பிக் பைப்லைன். கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து தெற்கே போர்ட்லேண்ட் வரை போகிறது. சீ-டாக் விமான நிலையத்துக்கு எரிபொருளும் இதில்தான் வருகிறது. 16 அங்குலக் குழாய் 1960களில் புதைத்தது.

சோதனையில் முக்கியமாக இரண்டு வகை. பழையது தண்ணீர்ச் சோதனை, ஹைட்ரோ டெஸ்ட். எண்ணெயை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரை நிரப்பி, ஓட்டும்போது அனுமதித்த அதிகபட்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூட்டி நாலு மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். குழாய் மண்ணுக்குள் இருந்து கண்ணால் பார்க்க முடியாவிட்டால் இன்னும் நாலு மணி நேரம், 10 சதவீதம் கூடுதலில். இது அமெரிக்கச் சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காகவே ராத்திரி முழுக்க கொசுக்கடியில் சார்ட் ரெக்கார்டருக்கு (அழுத்தத்தைக் காகிதத்தில் வரைகிற கருவி) காவல் இருந்திருக்கிறேன். விடியற்காலை குளிரில் தண்ணீர் சுருங்கி முள் மெதுவாக இறங்கும்போது, இது குளிரா கசிவா என்று வயிற்றைக் கலக்கும் பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. இந்தச் சோதனையில் ஒளிவுமறைவு கிடையாது, பலவீனமான இடம் இருந்தால் அங்கேயே கிழிந்துவிடும், கொட்டுவதும் தண்ணீர்தான். குறை என்னவென்றால், இன்றைக்குத் தாங்கியது என்று மட்டும்தான் சொல்லும். கிழியும் அளவுக்கு ஒரு நூலிழை குறைவாக ஒரு விரிசல் உள்ளே உட்கார்ந்திருந்தால் அதைப் பற்றி மூச்சே விடாது.

இன்னொன்று ஸ்மார்ட் பிக். குழாய்க்குள் எண்ணெயோடு சேர்ந்து மிதந்து போகிற ஒரு கருவி. காந்தப்புலத்தை வைத்துத் துரு தின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு ரகம், குழாய் நசுங்கியிருக்கிறதா என்று விரல் மாதிரித் தடவிப் பார்ப்பது இன்னொன்று, ஒலியலையை வைத்து விரிசல் தேடுவது மூன்றாவது. ஒரு ரகத்துக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் "பிக் ஓட்டினோம்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எந்தப் பிக்? துரு தேடுகிற கருவியை ஓட்டிவிட்டு விரிசல் இல்லை என்று சொல்வது, கண் டாக்டரிடம் போய்விட்டு இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

எத்தனை வருடம் என்றால், உங்கள் பகுதி மாதிரி மக்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தைப் பாதிக்கக்கூடிய குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, இழுத்துப் பிடித்தாலும் 68 மாதத்துக்குள், இந்த முறைகளில் ஏதாவது ஒன்றில் சோதித்தாக வேண்டும். பெல்லிங்காமுக்கு முன்னால் இந்த விதியே கிடையாது.

இப்போது பெல்லிங்காம். 1999 ஜூன் 10, மத்தியானம் மூன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் 16 அங்குலக் குழாய் வெடித்துத் திறந்தது. சுமார் 2,37,000 காலன் பெட்ரோல், லிட்டரில் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம், பூங்காவுக்குள் ஓடுகிற வாட்கம் ஓடையில் கலந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீப்பிடித்து ஓடை நெடுக ஒன்றரை மைல் எரிந்தது. பத்து வயதுப் பையன்கள் இரண்டு பேர், மீன்பிடித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், மூன்று பேர் போய்விட்டார்கள்.

எல்லோரும் என்ன நினைப்பார்கள்? பழைய குழாய், சோதிக்கவே இல்லை, துருப்பிடித்து வெடித்தது. அதுதான் இல்லை! 1994 வாக்கில் பக்கத்தில் இருந்த குடிநீர் ஆலைக்கு வேலை நடந்தபோது பொக்லைன் இந்தக் குழாயைக் கீறி நசுக்கியிருக்கிறது. 1996லும் 97லும் பிக் ஓட்டினார்கள். அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று கருவி காட்டியது. காட்டிய பிறகும் அதைச் சரியாக எடைபோடாமல், தோண்டிப் பார்க்காமல் விட்டார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002இல் கொடுத்த அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. அதோடு, இதே குழாய்த்தடத்தில் புதிதாகக் கட்டிய பேவியூ முனையத்தில் அழுத்தம் ஏறினால் திறக்க வேண்டிய நிவாரண வால்வு சரியாக அமைக்கப்படவில்லை, நிஜமாக ஓடும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்கவும் இல்லை. குழாயை இயக்கிக்கொண்டிருந்த அதே கணினியில் அன்றைக்கு டேட்டாபேஸ் வேலையும் பார்த்ததில், முக்கியமான நேரத்தில் திரை உறைந்துவிட்டது. அழுத்தம் ஏறிப் போய் அடித்தது ஐந்து வருடத்துக்கு முன்னால் பொக்லைன் கீறிய இடத்தில். அதற்கு மேல், குழாய் உடைந்தது தெரியாமல் பம்பை மறுபடி ஓட்டவும் செய்தார்கள்.

2010இல் மிச்சிகன் மார்ஷலில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. அது கச்சா எண்ணெய்க் குழாய், வேறு நிறுவனம். 2005இலேயே பிக் அந்த இடத்தில் விரிசல் மாதிரி ஒன்றைக் காட்டியிருந்தது, தோண்டவில்லை. உடைந்தபோது 17 மணி நேரம் யாருக்கும் புரியவில்லை, நடுவில் இரண்டு தடவை பம்பை ஓட்டினார்கள், எட்டு லட்சம் காலனுக்கு மேல் கலமசூ ஆறு வரை போனது.

ஆகவே தங்கச்சி, டெஸ்ட் செய்தார்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. எந்த வருடம், எந்த வகைக் கருவி, என் வீட்டுக்கு அரை மைலுக்குள் என்ன காட்டியது, காட்டியதில் எத்தனை இடத்தைத் தோண்டிப் பார்த்தீர்கள், இதைக் கேளுங்கள். தோண்டியது என்று ஒரு தேதி இருந்தால் அந்தப் பதிலுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

*

ஓடைக்கரை:

நான் 2006லிருந்து பெல்லிங்காமில் இருக்கிறேன், விபத்து நடந்தபோது இல்லை. ஆனால் அந்தப் பூங்காவில் நடக்கப் போனால் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். குழாய்க்காரன் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். விபத்துக்குப் பிறகு அதே வருடம் செப்டம்பரில் இந்த ஊர்ப் பகுதியில் தண்ணீர்ச் சோதனை செய்தபோது, பொக்லைன் படாத வேறொரு இடத்தில் வெல்டிங் தையல் (குழாயை நீளவாக்கில் பற்றவைத்த இணைப்பு) கிழிந்தது. ஊர் பதறியது அதற்குப் பிறகுதான் என்று சொல்வார்கள். குழாய் மறுபடி ஓட ஆரம்பித்தது 2001இல்.

இந்த ஊர்க்காரர்களையும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களையும் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் வாஷிங்டன் டி.சி. வரை போய் நின்றதால்தான் 2002 டிசம்பரில் குழாய்ப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. வழக்கில் கிடைத்த 40 லட்சம் டாலரை வைத்து ஆரம்பித்த பைப்லைன் சேஃப்டி டிரஸ்ட் இன்னும் இங்கேதான் இருக்கிறது. உங்களை மாதிரி வீடு வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வார்கள், கூச்சப்படாமல் எழுதுங்கள்.

இன்னொன்று சொந்த அனுபவம். எங்கள் தெருவில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வேலி போட ஆள் வைத்தார். குழி தோண்டும் மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், தோண்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய 811 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்யவில்லை. கேட்டால் "இரண்டு அடி குழிதானே" என்கிறார்கள். நான் போய் நின்று சத்தம் போட்டு நிறுத்தினேன், இன்றைக்கு வரை அந்த வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. போகட்டும். 811 இலவசம், சில வேலை நாள் முன்னால் சொன்னால் வந்து பெயின்ட் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். நிறுவனம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்கட்டும், நடுவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கீறிவிட்டால் என்ன செய்வது?

*

பெல்வியூ_ராஜா:

அண்ணா, ஒரு சந்தேகம். அந்தப் பட்டையிலேயே மேலே ஹைடென்ஷன் லைனும் போகிறதே. ரெட்மண்டிலிருந்து ரென்டன் வரை 115 கிலோவோல்ட்டை 230 ஆக மாற்றுகிற திட்டம் வந்தபோது பெரிய எதிர்ப்பு இருந்தது, பெல்வியூவில் நானும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மின்சாரம் அடித்து வெடித்துவிடும் என்று ஒருவர் மேடையில் பேசினார். நிஜமா?

*

குழாய்க்காரன்:

அப்படிப் படார் என்று நடப்பது அபூர்வம். கவலைப்பட வேண்டியது மெதுவாக நடப்பதைப் பற்றி. மேலே போகிற மாறுதிசை மின்சாரம் கீழே இருக்கிற குழாயிலும் கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தூண்டும். குழாய்க் கோட்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கும், இறங்குகிற இடத்தில் இரும்பு தின்னப்படும். இதற்கு மருந்து இருக்கிறது, குழாயோடு துத்தநாகப் பட்டை புதைத்து மின்சாரத்துக்கு வேறு வழி காட்டுவார்கள், அங்கங்கே சின்ன இரும்புத் துண்டைப் புதைத்து வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள். வழக்கமான துருப் பாதுகாப்புக்கு மண்ணில் மின்னோட்டம் செலுத்துகிற ரெக்டிஃபையர்களை வருடத்துக்கு ஆறு தடவை பார்க்க வேண்டும் என்று விதி, குழாயின் மின்னழுத்தத்தை வருடத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். தங்கச்சியின் கேள்விப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்: வோல்டேஜ் மாற்றிய பிறகு இந்த இடத்தில் அளந்தீர்களா?

ஓடைக்கரை சொன்ன செப்டம்பர் விஷயம் சரி, விட்டுவிட்டேன். அந்தக் காலத்துப் பிக்குகளுக்கு நீளவாக்கில் போகிற தையல் விரிசலைப் பிடிப்பது கஷ்டம், தண்ணீர் பிடித்துவிட்டது. அதற்காகத் தண்ணீர்ச் சோதனையைத் தெய்வம் ஆக்கவும் வேண்டாம். ஆர்கன்சாவில் மேஃப்ளவர் என்று ஒரு ஊர், 2013 மார்ச் 29இல் 1940களில் போட்ட பெகசஸ் குழாய் தையலில் கிழிந்து, வீடுகளுக்கு நடுவில் தெருவில் கச்சா எண்ணெய் ஆறாக ஓடியது, 22 வீட்டுக்காரர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தக் குழாய் ஏழெட்டு வருடம் முன்னால் தண்ணீர்ச் சோதனையில் தேறிய குழாய்.

*

ரென்டன்_வாடகைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்று கேட்கச் சொன்னார்: இதையெல்லாம் நிறுவனம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, அரசாங்கத்தில் யாரிடமாவது இருக்குமா? அப்புறம், ஒருவேளை வாங்கிக் குடிபோய்விட்டால் கசிந்தால் எப்படித் தெரியும்? 4 வயதுப் பிள்ளை எந்த நேரமும் பின்பக்கம்தான் இருக்கும்.

*

குழாய்க்காரன்:

மாநிலத்தில் யூட்டிலிட்டி கமிஷன் என்று ஒன்று இருக்கிறது, ஒலிம்பியா பக்கம். மத்திய அரசின் குழாய்ப் பாதுகாப்பு அமைப்பின் சார்பில் இந்தக் குழாயைச் சோதனை பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய ஆய்வு அறிக்கைகள் பொது ஆவணம், கேட்டு வாங்கலாம். குழாய் எங்கே போகிறது என்று பார்க்க தேசியக் குழாய் வரைபடம் இணையத்தில் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக் கடப்பாரை பிடித்துவிடாதீர்கள், அவ்வளவு துல்லியம் கிடையாது.

கசிவைப் பற்றி: கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பெரிதாக உடைந்தால் அழுத்தம் விழுவது தெரியும், ஊசித்துளைக் கசிவு அந்த அளவில் சிக்காது. 2023 டிசம்பரில் இதே ஒலிம்பிக் குழாயில், ஸ்காஜிட் பக்கம் கான்வே என்ற ஊரில், வால்வுக் குழிக்குள் இருந்த ஒரு மெல்லிய டியூப் போய் சுமார் 25,000 காலன் பெட்ரோல் கால்வாயில் இறங்கியது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். கவனித்தீர்களா, பெரிய குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, போனது சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லாத ஒரு சாமான். எந்தப் பிக்கும் அதற்குள் போகாது.

வழித்தடத்தை வருடத்துக்கு 26 தடவை, மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் நடந்தோ பறந்தோ பார்க்க வேண்டும் என்று விதி. மீதி நாளில் பார்க்கிறது நீங்கள்தான். பெட்ரோல் வாசனை, தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம், சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் புல் கருகிப்போவது, இதில் எது தெரிந்தாலும் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வருகிற திசையைப் பார்த்து மேட்டுப் பக்கமாக நடந்து போய்விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும். தூரம் போன பிறகு 911, அப்புறம் கம்பத்தில் எழுதியிருக்கிற எண்.

வீட்டுக்குப் பின்னால் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? நான் அந்த வீட்டை வாங்குவதாக இருந்தால் முதலில் பார்க்கிறது அதைத்தான், குழாய்க்கு எத்தனை அடி என்பதைவிட.

*

ரென்டன்_வாடகைக்காரி:

இன்றைக்குச் சாயங்காலம் மழையில் போய்ப் பார்த்தோம். அந்தப் புல் பட்டை எங்கள் வேலியைவிட நாலைந்து அடி மேடு. தண்ணீர் நேராக வீட்டுப் பக்கம்தான் இறங்கி வருகிறது, கொல்லையில் குளம் மாதிரி தேங்கி நிற்கிறது.

கமிஷனுக்கு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, நீங்கள் சொன்ன கேள்விகளையும் 230 கிலோவோல்ட் கேள்வியையும் அப்படியே போட்டேன். பதில் வர எத்தனை நாள் ஆகுமோ. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வராவிட்டால் ஆஃபர் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மாமியாருக்குத்தான் முகம் வாடிப்போய்விட்டது, கிழக்கு ஜன்னலோடு வேறு வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

*

பெல்வியூ_ராஜா:

நான் முதல் நாளே சொன்னேன்ல. இசக்வா பக்கம் ஒன்று இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கிழக்கா என்று தெரியாது, திசைகாட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.